இருநூறு குச்சி கேக் செய்தது யார்?

ஜெயசுதாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் அல்ல. அவளை அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வைத்தவர்கள் மேல். அன்றைக்கு அங்கேயே நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்த என் மேலும்.

என் பெயர் சம்பூர்ணம். குரும்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையிலிருந்து நான்காவது வீடு ஜெயசுதாவுடையது. முப்பத்தாறு வயது. பிறந்த ஊர் விக்கிரமங்கலம். பன்னிரண்டாவது முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கணவர் செல்லமுத்து, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவராக இருந்தவர். ஒரே மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். என் மகன் அசோக் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். செல்லமுத்து ஓட்டிய பஸ்ஸில்தான் போய் வந்தான்.

ஜெயசுதா முதலில் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் கேக்குகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டும் வேலை பார்த்தாள். பிறந்தநாள் கேக்கின் மேற்பக்கத்தைச் சமமாக்க ஓரங்களைச் சீவி எடுப்பார்கள். அந்தச் சீவல் தினமும் இரண்டு மூன்று கிலோ சேரும். நல்ல கேக், வெறுமனே குப்பைக்குப் போகும். அவளுக்கு அது மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் கேட்டு ஒரு கவரில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். செல்போனில் பார்த்துப் பார்த்து, அந்தத் தூளை வெண்ணெய்க் கிரீம் போட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கினாள். முதல் நாள் செய்த பன்னிரண்டில் பதினொன்று குச்சியிலிருந்து நழுவிச் சாக்லேட் சட்டிக்குள் விழுந்தன.

அவள் விடவில்லை. கிரீம் கூடினால் உருண்டை நழுவும். குறைந்தால் உதிரும். குச்சி நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டுச் செருகிக் குளிர வைத்தால்தான் பிடிக்கும். உருண்டை ரொம்பச் சில்லென்று இருந்தால் மேல் பூச்சு வெடிக்கும். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், மொத்தமும் ஈர மணல் மாதிரி திரிந்துவிடும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். அந்த இரண்டு மாதமும் கெட்டுப்போனதையெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள்தான் தின்றார்கள். "குச்சி கேக்" என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

பிறகு பேக்கரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் சுட்டுச் செய்ய ஆரம்பித்தாள். ஆண்டிமடத்தில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்கு முந்திரிப் பழம் மாதிரி அறுபது செய்து அனுப்பினாள். மேலே சிவப்பும் மஞ்சளும் கலந்த பழம், நுனியில் நிஜ முந்திரிக் கொட்டைப் பருப்பு. முந்திரிக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவள் கை அப்படிப்பட்டது. நான் இருபது வருடமாக ஊசி பிடிக்கிறவள். கை நேர்த்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஜனவரியில் அந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை சண்முகப்பிரியா அவளைத் தேடி வந்தாள். பள்ளியில் கண்காட்சி. எங்கள் பக்கத்து ஓடைகளிலும் காடுகளிலும் கிடைக்கும், கல்லாகிப்போன கடல் நத்தைகளைப் பற்றி ஒரு அரங்கு. அதில் வைக்க நத்தைக் கல் வடிவத்தில் இருநூறு குச்சி கேக் வேண்டும்.

"செய்ய முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

"கல்லு ஒண்ணைக் கண்ணுல காட்டுங்க டீச்சர். பாத்துட்டுச் சொல்றேன்."

பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கல்லைத் துணியில் சுற்றி அனுப்பிவைத்தார்கள். சப்பாத்தி உருண்டையைத் தட்டியது போல வட்டமாக, உள்ளே உள்ளே சுருண்டு போகும் கல். ஜெயசுதா அதை நான்கு நாள் அடுப்படி மேடையிலேயே வைத்திருந்தாள். சுருள் மேல் குறுக்கே ஓடும் மேட்டு வரிகளை விரலால் தடவித் தடவி எண்ணினாள். ஒருநாள் என் கடைக்கே கல்லோடு ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். இந்த வரியெல்லாம் ஒரே அளவு இல்ல. நடுவுல நெருக்கமா இருக்கு, வெளிய வர வர எட்டிப் போவுது. நான் பாட்டுக்கு ஒரே மாதிரி போட்டுக்கிட்டு இருக்கேன்!"

அதுவரை செய்த நாற்பதையும் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளைச் சாக்லேட்டோடு கறுப்பைச் சேர்த்துக் கல்லின் நிறம் கொண்டுவந்தாள். காகிதக் கூம்பால் சுருள் வரைந்து, இறுகுவதற்குள் பல் குச்சியால் ஒவ்வொரு வரியையும் இழுத்தாள். கடைசியில் சின்ன பிரஷ்ஷால் பள்ளங்களில் கோகோ தூளைத் தடவினாள். அப்போதுதான் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது போல வந்தது. அவள் வீட்டு ஃபிரிட்ஜ் போதாமல் என் ஃபிரிட்ஜிலும் எழுபது வைத்தோம். ஒரு வாரம் நாங்கள் மாவு அரைத்து வைக்கவில்லை, வைக்க இடமில்லை.

கண்காட்சி நாள் காலையில் செல்லமுத்து பஸ்ஸின் முன்சீட்டில் தெர்மோகோல் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பிள்ளைகளெல்லாம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெற்றோருக்கும் அழைப்பு இருந்ததால் நானும் அதே பஸ்ஸில் போனேன்.

அரங்கில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஜெயசுதா குச்சிகளை வரிசையாக நட்டு முடித்தபோது, பின்னால் ஒரு பலகையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். "எங்கள் மாணவச் செல்வங்களின் கைவண்ணம். ஏழாம் வகுப்பு சமையல் அறிவியல் குழு."

அப்படி ஒரு குழுவே அந்தப் பள்ளியில் கிடையாது. என் மகன் அங்கே ஆறு வருடம் படித்தவன்; எனக்குத் தெரியாதா?

இரண்டு பிள்ளைகளுக்குச் சமையல்காரர் தொப்பி மாட்டி மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒருவன் தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். இன்னொருத்தி அனுசுயா, எங்கள் பஸ்ஸில் முதலில் ஏறும் பெண். அவள் அம்மா உண்ணாமலை சின்ன வெங்காயக் காட்டில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா ஜெயசுதாவிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், ஒரு நீலக் கோட்டை நீட்டினாள். அந்தப் பள்ளியில் ஆயாக்கள் போடும் கோட்டு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதப் போட்டுக்கிட்டுப் பின்னாடி நில்லுங்க. யாராச்சும் கேட்டா உதவிக்கு வந்தேன்னு சொல்லிடுங்க. மேலேருந்து சொல்லிட்டாங்க."

ஆயா வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் அக்காவே ஆயாவாக இருந்தவள்தான். ஆனால் ஒருத்தி செய்ததை ஊர் கண்ணிலிருந்து மறைப்பதற்காக ஒரு கோட்டை எடுத்து மாட்டுகிறார்களே, அது என்ன நியாயம்? ஜெயசுதா என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் வேலைக்காக விழுங்கிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். பஞ்சநாதன் என்று பெயர். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கூடவே பள்ளித் தாளாளர் குருமூர்த்தி. பஞ்சநாதன் ஒரு குச்சியை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"வரி உள்ள நெருக்கமா, வெளிய அகலமா வந்திருக்கே. கல்லூரியில வரையச் சொன்னாலே பாதிப் பேரு இதத் தப்பாத்தான் வரைவான். யாரு கண்ணு இது? யாரு கவனிச்சது?"

தொப்பி போட்ட பையன், "கேக்கைத் தூளாக்கி, கிரீம் கலந்து, மிதமான சூட்டில் உருக்கிய சாக்லேட்டில்..." என்று ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"அது சரிப்பா. இந்த வரியப் பத்திக் கேட்டேன்."

பையன் விழித்தான். எல்லோரும் அனுசுயாவைப் பார்த்தார்கள். அவள் திரும்பி ஜெயசுதாவைப் பார்த்தாள்.

"நாங்க செய்யலைங்க சார்," என்றாள். "அந்த அத்தைதான் செஞ்சாங்க. எங்க டிரைவர் மாமா வூட்டு அத்தை."

குருமூர்த்தி சிரித்தார். "கூட்டத்தைப் பாத்துப் புள்ள பயந்துருச்சு சார். என்னமோ உளறுது." பிறகு அவள் பக்கம் குனிந்து, சிரிப்பை மாற்றாமலே, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பொய் சொல்லக் கூடாதுன்னு இந்த ஸ்கூல்ல உனக்குச் சொல்லித்தரலையா? போய் ஹெச்.எம். ரூம் வாசல்ல நில்லு."

யாருக்கு யார் சொல்வது? பொய்யைப் பலகையில் எழுதி ஆணி அடித்து மாட்டியவர், உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி என்கிறார். அங்கே முப்பது பெற்றோராவது நின்றோம். பாதிப் பேருக்கு உண்மை தெரியும். நான் அந்தக் கேக்கை என் ஃபிரிட்ஜில் வைத்தவள். அடுத்த வருடம் மகன் பத்தாவது என்று நினைத்தேன். நாக்கு மேலே எழவில்லை.

ஜெயசுதா கோட்டைக் கழற்றினாள். அதை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சார், அந்தப் புள்ள பொய் சொல்லல. நான்தான் செஞ்சேன். இருநூறும் நான்தான் செஞ்சேன்."

"உங்களுக்குக் காசு குடுத்தாச்சுல்லம்மா? அப்புறம் என்ன?" என்றார் குருமூர்த்தி.

"கேக்குக்குக் குடுத்தீங்க சார், வாங்கிக்கிட்டேன். இந்தப் பலகையில உள்ளதுக்கு நான் வெல சொல்லல. கோட்ட மாட்டிக்கிட்டு நில்லுன்னீங்க, அதுக்கும் நின்னேன். ஆனா என்னால ஒரு புள்ள பொய்க்காரின்னு பேரு வாங்குறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாதுங்க." பஞ்சநாதன் பக்கம் திரும்பினாள். "அய்யா, வரியக் கேட்டீங்களே. மொதல்ல நானும் ஒரே அளவாத்தான் போட்டேன். கல்லத் தொட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. நத்தை வளர வளரக் கூடும் பெருசாவுது, அதான் வரியும் எட்டிப் போவுதுன்னு நெனச்சேன். சரிங்களா?"

"ரொம்பச் சரி," என்றார் அவர். மேலே என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குருமூர்த்தி அவர் முழங்கையைப் பிடித்து அடுத்த அரங்குக்கு நகர்த்திவிட்டார். விழா முடிந்து கிளம்பும்போது பஞ்சநாதன் திரும்பி வந்து ஜெயசுதாவின் போன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இன்றுவரை கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே கிளார்க் ஒரு கடிதத்தைச் செல்லமுத்துவிடம் கொடுத்து, வீட்டுக்காரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். நான் தெர்மோகோல் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். செல்லமுத்து வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"உன்ன யாரு சுதா வாயத் தொறக்கச் சொன்னது? ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துடு. நாளைக்கு அவங்க பஸ் சாவியத் தரலைன்னா நான் எங்க போவேன்?"

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"என்ன எழுதியிருந்தா என்ன?"

"படிங்க. சத்தமாப் படிங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யுறேன்."

அவர் படித்தார். கேக்குகளை மாணவர்களே செய்தார்கள், நான் பொருட்கள் மட்டுமே வாங்கிக் கொடுத்தேன், விழாவில் தவறாகப் பேசியதற்கு வருந்துகிறேன் என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரியில் அவர் குரல் நின்றது. "மாணவி அனுசுயா கூறியது உண்மைக்குப் புறம்பானது."

நான்கு வருடமாக விடிகாலையில் அந்தப் பிள்ளைதான் முதலில் பஸ் ஏறும். ஏறும்போதே "குட்மார்னிங் மாமா" என்று சொல்லும். செல்லமுத்து கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் வழக்கம்போல் பஸ்ஸை எடுத்தார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் இறக்கிவிட்டார். பஸ்ஸைக் கூட்டித் துடைத்தார். சாவியையும் கையெழுத்தில்லாத கடிதத்தையும் ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு, சர்வீஸ் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் "பாவம் டிரைவர்" என்று போட்டுக் கும்பிடும் கையையும் போட்டார். பத்து நிமிடத்தில் இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் வீரம். அனுசுயாவை ஒரு வாரம் வகுப்பில் பின்பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள் என்று அசோக் வந்து சொன்னான். உண்ணாமலை யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து, ஜூனில் மகளைப் பெரம்பலூர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். செல்லமுத்து ஒரு மாதம் சும்மா இருந்தார். பிறகு சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிக்குப் போனார். வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளைத் தூசி.

ஜெயசுதாவுக்கு எங்கள் பக்கத்து ஆர்டர் குறைந்தது. பள்ளிக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகள் அவளிடம் வாங்குவதை நிறுத்தின. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம்தான் அவளுக்குக் கை கொடுத்தது.

ஏப்ரல் கடைசியில் அசோக் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தான். புதிய சேர்க்கைக்காகப் பள்ளி அச்சடித்தது. நடுப்பக்கத்தில் ஜெயசுதா செய்த நத்தைக் கேக், பக்கம் முழுக்க. கீழே அதே வரி: எங்கள் மாணவச் செல்வங்களின் கைவண்ணம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சாக்லேட் உருக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"அக்கா, நாளைக்குப் போறேன். நீங்க வரீங்களா? இல்ல அன்னிக்கு மாதிரி நிப்பீங்களா?"

செருப்பால் அடித்தது போல இருந்தது. வாங்க வேண்டிய அடிதான்.

"வரேன்," என்றேன்.

மறுநாள் நாங்கள் ஆறு பெண்கள் போனோம். உண்ணாமலையும் அன்றைய காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தாள். குருமூர்த்தி மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

ஜெயசுதா தன் செல்போனை நீட்டினாள். பல் குச்சியால் வரி இழுக்கும்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக அவள் எடுத்து வைத்த வீடியோ. அவள் கை, அவள் அடுப்படி, பக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கல்.

"வீடியோ எல்லாம் இருக்கட்டும்மா," என்றார் அவர். "ஒரு போட்டோவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் போடுவாங்க."

அப்போது என் வாய் திறந்தது. "சார், நான் அசோக் அம்மா. அந்தக் கேக்குல எழுபது என் வூட்டு ஃபிரிட்ஜுல இருந்துச்சு. எந்த மாணவச் செல்வமும் வந்து எடுத்துக்கிட்டுப் போவல. அன்னிக்கே இதச் சொல்லியிருக்கணும், சொல்லல, அது என் தப்பு. இப்ப சொல்றேன். என் பையனுக்கு டி.சி. எழுதிக் குடுங்க. பொய்யப் புத்தகம் போட்டுப் புள்ள புடிக்கிற எடத்துல அவன் படிக்க வேணாம்."

வரவேற்பறையில் சேர்க்கைக்கு வந்து உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் எழுந்து நின்று கேட்டார்கள். அதுதான் அவரை அசைத்தது, நாங்கள் அல்ல. "பாத்துப் பண்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அசோக்கின் டி.சி.யை வாங்கப் போனபோது அந்தப் புத்தகம் மறுபடி என் கைக்கு வந்தது. கேக் படத்துக்குக் கீழே இருந்த வரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பொய்யை மறைத்தார்களே தவிர உண்மையை எழுதவில்லை. யார் செய்தது என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை, கேக்குகள் மேசையில் தானாக முளைத்தது போல.

"இதாவது பண்ணாங்களே," என்றார் செல்லமுத்து. ஜெயசுதா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றைக்கே அவள் தன் கையால் ஒரு கடிதம் எழுதினாள். படத்தில் இருப்பதைச் செய்தவள் குரும்பலூர் ஜெயசுதா என்று அச்சிட வேண்டும், மாணவி அனுசுயாவைப் பொய் சொன்னாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இரண்டே வேண்டுகோள். அடியில் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். பதிவுத் தபாலில் அனுப்பி, வாங்கிக்கொண்டதற்கான அட்டையையும் பெற்று வைத்திருக்கிறாள். பதில் வரவில்லை. ஆகஸ்டில் மறுபடி அனுப்பினாள். தீபாவளிக்கு முன் மூன்றாவது. அவள் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. அவள் நிறுத்தினாலும் நான் எழுதுவேன்.